உறுப்பினர் அட்டையும் ஞாயிறு பள்ளியும்

கேள்வி: நான் நான்கு வருடமாக எதிர்க்கட்சி ஒன்றில் உறுப்பினர். ஏழைகளுக்காக அது பேசுவதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். ஆனால் விவாகரத்தைச் சுலபமாக்கும் சட்டத்தை அது ஆதரிக்கிறது. என் விசுவாசம் அதை ஏற்கவில்லை. மறுப்புச் சொன்னால், "பைபிளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். எங்கள் போதகரோ பைபிளில் ரோமர் 13-ஐக் காட்டி, ஆளும் கட்சியை எதிர்ப்பது தேவனையே எதிர்ப்பது என்று பிரசங்கிக்கிறார். கட்சி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் இனி ஞாயிறு பள்ளி வகுப்பு எடுக்கலாமாம். எதை விடுவது?

பதில்: அன்புச் சகோதரி, இப்போதைக்கு இரண்டையும் விடாதீர்கள்.

ரோமர் 13-இல் வரி கொடுக்கவும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியவும் சொல்லியிருக்கிறது. பவுல் அதை எழுதியபோது ஆட்சியில் இருந்தவர் ரோமப் பேரரசன் நீரோ. அவரை மாற்றும் வழி விசுவாசிகள் கையில் இல்லை. உங்கள் நாட்டில் எதிர்க்கட்சிக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்டு, வரியும் கட்டி, எதிர்க்கட்சியில் இருக்கிற நீங்கள் எந்த அதிகாரத்தை மீறிவிட்டீர்கள்? இதைப் போதகரிடம் தனியாக, மரியாதையோடு கேளுங்கள். அப்புறம், அதற்கு அடுத்துள்ள ரோமர் 14-ஐயும் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேளுங்கள். உணவையும் நாட்களையும் பற்றி ரோம சபையில் இருந்த சண்டைக்குப் பவுல் அங்கே பதில் சொல்கிறார்: அவனவன் தன் மனதில் நிச்சயமுள்ளவனாக இருக்கட்டும், மற்றவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்க நீ யார்? உணவுக்கே இவ்வளவு இடம் கொடுத்தவர், வாக்குக்கு அதைவிடக் குறைவாகவா கொடுத்திருப்பார்?

ஒரு கட்சி ஜெயித்ததற்காக ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்த கூட்டத்தில் நான் இருந்திருக்கிறேன். பாதிப்பேரால் ஆமென் சொல்ல முடியவில்லை, எழுந்து மறுக்கவும் முடியவில்லை. பிரசங்க மேடைக்குக் கீழே இருப்பவருக்குப் பதில் பேசும் வாய்ப்பே கிடையாது. அதனால்தான் அங்கிருந்து கட்சி பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அது எந்தக் கட்சியானாலும்.

கட்சிக்காரர்கள் சொல்வதும் சரியில்லை. ஏழைகளுக்காக உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே அந்த பைபிள்தானே? அதை வீட்டில் வைத்துவிட்டு வருபவர் வேறு ஆளாகத்தான் இருப்பார்.

1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய புராட்டஸ்டன்டுகள், அரசியல் கொள்கை மாறுவதற்கேற்ப சபையின் செய்தி மாறக்கூடாது என்று அறிக்கை விட்டார்கள். ஹிட்லர் ஆட்சியில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும். ஆனால் அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை எழுதியவர்களில் முக்கியமானவரான கார்ல் பார்த் பிற்காலத்தில் இதற்காக வருந்தினார். அவர்களுக்கு முந்நூறு வருடம் முன்பே, 1612-இல், தாமஸ் ஹெல்விஸ் என்ற ஆங்கிலேய பாப்டிஸ்ட், மனிதரின் ஆத்துமாவின் மேல் ராஜாவுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதினார். தன் சபைக்கு மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை. யூதருக்கும் இஸ்லாமியருக்கும் சேர்த்தே கேட்டார். சிறையில் போட்டார்கள், அங்கேயே இறந்தார். கட்சியையோ சபையையோ எடைபோட எனக்கு இந்த இரண்டு சம்பவங்களும் போதும். சுதந்திரம் என்று பேசும்போது யாரையெல்லாம் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள்.

சரி, விவாகரத்துக்கு வருவோம். இயேசு அதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மோசேயின் சட்டம் அதற்கு ஏன் இடங்கொடுத்தது என்று கேட்டபோது, உங்கள் இருதய கடினத்தினிமித்தம் என்றார். தேவன் விரும்புவது ஒன்று, கடின இருதயங்களுக்கு நடுவில் சட்டம் அனுமதிப்பது இன்னொன்று. மனிதச் சட்டம் எல்லாத் தீமையையும் தடை செய்ய வேண்டியதில்லை என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். திருமண உடன்படிக்கையை நீங்கள் கடைசிவரை காக்கலாம். அடிவாங்கும் ஒரு பெண்ணுக்கு நீதிமன்றக் கதவு திறந்திருக்கவும் விரும்பலாம். இதை யோசித்த பிறகும் அந்தச் சட்டம் தவறென்று பட்டால், கட்சிக் கூட்டத்திலேயே சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். சொன்னதற்காக ஒதுக்கினால் அல்லது உங்களையே அதற்காகப் பிரச்சாரம் செய்யச் சொன்னால், அன்று அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். அந்த எல்லையை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். தேர்தல் பரபரப்பில் யோசிக்க முடியாது.

ஞாயிறு பள்ளியில் கட்சிப் பேச்சு ஒருபோதும் வராது என்று போதகருக்கு நீங்களாகவே வாக்குக் கொடுங்கள். பிள்ளைகளுக்காக அதை அவர் கேட்பது நியாயம்தான். அதற்குப் பிறகும் வகுப்பை உங்களிடமிருந்து எடுத்துவிட்டால், காரணத்தை மூப்பர்களிடம் கேளுங்கள். அந்த வருத்தத்தில் உடனே வேறு சபைக்குப் போய்விடாதீர்கள். அடுத்த ஞாயிறும் உங்கள் பெஞ்சிலேயே போய் உட்காருங்கள். பிள்ளைகள் உங்களைத் தேடுவார்கள்.