வாசகர் கேள்வி – பதில்: இருட்டில் ஒளியால் வரைய

இருட்டில் கமெராவின் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து, டோர்ச்சை அசைத்து ஒளிக்கோடு வரைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது. ஒளிக்கோல் (நீளமாக ஒளிரும் விளக்குத் தடி) வாங்க வசதியில்லை. வீட்டில் செய்யலாமா?
– வாசகர், ஹட்டன்

டோர்ச்சில் பழுதில்லை. வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் பல எல்.ஈ.டி. டோர்ச்சுகள் மங்குவதில்லை, வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. வினாடிக்கு 200 தடவை அப்படி எரிவதை வினாடிக்கு 2 மீற்றர் வேகத்தில் வீசினால், சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி விழும். முழு வெளிச்சத்தில் வைத்து, முகப்பில் டிரேசிங் பேப்பர் ஒட்டிக் குறையுங்கள்.

ஒளிக்கோல் தாராளமாகச் செய்யலாம். 50 மி.மீ. எஸ்லோன் பைப்பில் அரை மீற்றர் எடுத்து நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியின் அடியில் 12 வோல்ற் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் ஒட்டுங்கள். மீற்றருக்கு 60 விளக்குள்ள வகை போதும். வாய்ப்பக்கத்தை டிரேசிங் பேப்பரால் மூடுங்கள். விளக்குகளுக்கு இடைவெளி ஏறக்குறைய 17 மி.மீ.; பேப்பர் அதைவிடத் தள்ளி நின்றால்தான் ஒளி ஒன்றாய்க் கலக்கும். ஸ்ட்ரிப்பின் மேலேயே ஒட்டினால் சீப்பால் வாரியதுபோல் தனித்தனிக் கோடுகள் வரும்.

ஸ்ட்ரிப்பை மூன்று விளக்குக்கு ஒருமுறை உள்ள குறியில் மட்டுமே வெட்டலாம். 8 ஏஏ பற்றரிகளைத் தொடராக இணையுங்கள். ரீசார்ஜ் பற்றரி 1.2 வோல்ற்தான், எட்டு போட்டால் 9.6, ஸ்ட்ரிப் மினுங்குவதோடு சரி. அதற்குப் பத்து வேண்டும். சதுர 9 வோல்ற் பற்றரி சீக்கிரம் சோர்ந்துவிடும். சுவிட்சைக் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கை இடம் மாறும்போது அணைக்காவிட்டால் வேண்டாத கோடும் பதியும். நிறத்துக்கு டொபி சுற்றிய கண்ணாடித் தாள் போதும்.

கமெராவில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 30 வினாடி என்று தொடங்குங்கள். கோடு மங்கலென்று நேரத்தைக் கூட்டாதீர்கள், பின்னணிதான் வெளுக்கும். கையை மெதுவாக்குங்கள், அல்லது துளையைப் பெரிதாக்கி எஃப் 5.6 வையுங்கள்.

ஒளிப்பொறி பறக்க இரும்புக் கம்பளியை (பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நார்) கொளுத்திச் சுழற்றலாமா?
– வாசகர், பண்டாரவளை

வேண்டவே வேண்டாம். சிதறுவது வெறும் வெளிச்சமல்ல, எரியும் இரும்பு. ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மானாப்புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி மலையையே பிடித்துவிடும். சாவிக்கொத்து எல்.ஈ.டி.யை 60 செ.மீ. கயிற்றில் இறுக்கிக் கட்டிச் சுழற்றுங்கள். தரையில் ஒரு புள்ளியைக் குறித்து, வட்டத்தின் அடி அதற்கு மேலேயே இருக்கும்படி சுழற்றிக்கொண்டே அதைச் சுற்றி நடந்தால் ஒளிக்கோளம் கிடைக்கும்.

லென்ஸில் நீர் பூக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், நுவரெலியா

கண்ணாடி வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. பழைய காலுறையில் அரிசி நிரப்பி, இளஞ்சூடாக்கி, லென்ஸின் உடம்பைச் சுற்றிக் கட்டுங்கள். ஃபோகஸ் வளையம் அசையக்கூடாது. மூடுபனி இறங்கினால் கமெராவுக்குப் பக்கத்தில் டோர்ச் அடிக்காதீர்கள், படம் முழுக்க வெளுக்கும். பக்கவாட்டிலிருந்து அடித்தால் ஒளிக்கற்றையே படத்தில் தெரியும்.