உள்ளத்தின் மெருகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும், ஹஜ்ரத். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஓராண்டாக இரவு இஷாத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் அமர்ந்து, இறைநாமத்தைத் திரும்பத் திரும்ப ஓதும் திக்ரு செய்து வருகிறேன். நாவு ஓதிக்கொண்டிருக்கும்போதே மனம் வெள்ளி விலையையும், மறுநாள் அனுப்ப வேண்டிய சரக்கையும் எண்ணத் தொடங்கிவிடுகிறது. பெரியவர்கள் சொல்லும் அனுபவம் எதுவும் எனக்கு வாய்க்கவில்லை. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வ அலைக்குமுஸ் ஸலாம். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஷாதுலிய்யா என்னும் சூபி வழிமரபின் (தரீக்கா) பெரியார் இப்னு அதாவுல்லாஹ், 1309இல் கெய்ரோவில் மறைந்தவர், உங்களைப் போன்றவர்களை நினைத்தே ஓர் அறிவுரை எழுதிவைத்திருக்கிறார். உள்ளம் ஒன்றவில்லை என்பதற்காக திக்ரைக் கைவிடாதே, திக்ரில் இருந்துகொண்டே மறந்திருப்பதைவிட திக்ரையே மறந்திருப்பது கொடியது என்பது அதன் சாரம். மறதியோடு ஓதுகிறவனை விழிப்போடு ஓதுகிறவனாக இறைவன் உயர்த்தக்கூடும் என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார்.

இமாம் கஸ்ஸாலி திக்ரின் படிகளை விளக்கும்போது, நாவு மட்டும் ஓதும் நிலையை முதற்படியாக வைக்கிறார். அதற்கு அடுத்தது, ஓடும் உள்ளத்தை மீண்டும் மீண்டும் வலிந்து இழுத்து வரும் நிலை. பிறகு உள்ளம் தானாகவே நிலைத்துவிடுகிறது, அதிலிருந்து அதை விலக்குவதுதான் அப்போது கடினமாகிறது. இறுதியில் ஓதுகிறோம் என்ற நினைவும் அற்று, நினைக்கப்படுகிறவன் மட்டுமே நிறைந்திருக்கிறான். நீங்கள் முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையில் நிற்கிறீர்கள். இதை எழுதிய இமாமே 1095இல், பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசிரியராக இருந்தபோது, தம் கல்வியின் நோக்கம் புகழ்தானோ என்ற கலக்கத்தில் நாவு கட்டிப்போய்ப் பாடம் நடத்த இயலாமல் தவித்து, அந்தப் பதவியைத் துறந்து வெளியேறியவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கவலையையே நான் நல்ல அறிகுறியாகக் காண்கிறேன். நஃப்ஸு எனப்படும் மனித மனத்துக்கு மூன்று நிலைகள் சொல்வார்கள். தீமைக்குத் தூண்டும் நஃப்ஸு அம்மாரா. தன்னைத்தானே கடிந்துகொள்ளும் நஃப்ஸு லவ்வாமா. அமைதி பெற்றது முத்மயின்னா. இவற்றுள் லவ்வாமாவின் மீது அல்லாஹ் குர்ஆனில் சத்தியமிட்டே பேசுகிறான் (75:2). மனம் அலைகிறதே என்று வருந்தும் உள்ளம், அலைவதே தெரியாமல் இருக்கும் உள்ளத்தைவிட எவ்வளவோ மேலானது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுபவத்தை எதிர்பார்த்து அமர்வது கூலி கேட்பதைப் போன்றது. ஒளி தெரிந்தது, உடல் சிலிர்த்தது என்று பிறர் சொல்வதைக் கேட்டு ஏங்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெருகு உண்டு, உள்ளங்களின் மெருகு இறைநினைவு என்னும் நபிமொழியை சூபிகள் பெரிதும் எடுத்தாள்வார்கள். அதன் பொருள் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். பற்றவைத்து எடுத்த கொலுசு நெருப்பில் கறுத்துத்தான் வருகிறது. அமிலத்தில் இட்டு எடுத்து, பூந்திக்கொட்டைக் கரைசலில் பிரஷ்ஷால் தேய்க்கும் பெண்கள் முதல் தேய்ப்பிலேயே முகம் பார்க்க நினைப்பதில்லை. கண்ணிகளுக்கு இடையில் படிந்த கறுப்பு போகும்வரை கை ஓயாமல் தேய்க்கிறார்கள். உங்கள் அரைமணி நேரமும் அத்தகையதுதான். அதன் பலனை அந்த அரைமணிக்குள் தேடாமல், மறுநாள் தராசு பிடிக்கும்போதும், வேலையைக் கெடுத்த பையனிடம் பேசும்போதும் உங்களிடம் ஏதேனும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஷரீஅத் என்னும் மார்க்கச் சட்டத்தைப் பேணும் ஷைகு (ஞானகுரு) ஒருவரிடம் திக்ரைக் கேட்டுப் பெறுவதும் நல்லது. எண்ணிக்கையை நீங்களாகக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சைவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். சூபி ஞானத்தைத் தமிழிலேயே படிக்க எங்கே தொடங்கலாம்?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பாடல்களில் தொடங்குங்கள். தாயுமானவரைப் படித்திருப்பீர்கள் என்றால் மஸ்தான் சாகிபுவின் பராபரக்கண்ணி உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அடுத்ததாகத் தக்கலை பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை எடுக்கலாம். அது கடினமானது, துணையோடு படியுங்கள்.

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. காப்பியைப் பரப்பியவர்கள் சூபிகள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? தூக்கத்தைத் துறப்பதுதான் அவர்களுடைய தவமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, உங்கள் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் வழியாக. ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூபிகள் இரவு திக்ருக்கு விழித்திருப்பதற்காகக் காப்பி அருந்தினார்கள். அவர்களிடமிருந்துதான் அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் பரவியது. சிக்மகளூர் மலைக்கு ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்தவராக மரபு சொல்லும் பாபா புடனும் ஒரு சூபியே.

விழித்திருப்பது தவத்தின் ஒரு பகுதி மட்டுமே. விழித்த கண்ணோடு உறங்கும் உள்ளம் நம்மில் பலருக்கும் உண்டு. மேலே எழுதியிருக்கும் செவ்வாய்ப்பேட்டைச் சகோதரரின் வருத்தமும் அதுதான். காப்பி கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டது, உள்ளத்தை அவர்கள் இறைநாமத்திடம் ஒப்படைத்தார்கள். கெய்ரோவில் இருந்த யெமன் நாட்டவர் இதை எப்படிச் செய்தார்கள் என்பதை 16ஆம் நூற்றாண்டு அரபு நூல் ஒன்று விவரிக்கிறது. திங்கள், வெள்ளி இரவுகளில் அவர்கள் வட்டமாக அமர்வார்கள். பெரிய சிவப்பு மண்பாண்டத்தில் காப்பி இருக்கும். தலைவர் சிறு அகப்பையால் மொண்டு, தம் வலப்பக்கத்தில் இருப்பவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். பாத்திரம் கைமாறிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ (அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை) என்ற ஓசை நிற்காது.