ஆறாவது கால்விரல்

அன்புள்ள ஐயா,

1986 வாக்கில் வாடகை நூல்நிலையத்தில் எடுத்துப் படித்த ஓர் ஆங்கில நாவலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அட்டை கிடையாது. அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய உலகம். ஒரு சிறுமிக்குக் காலில் ஆறு விரல். பாறையில் பதிந்த ஈரச்சுவடு அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். வாய் திறக்காமல் மனதாலேயே பேசிக்கொள்ளும் பிள்ளைகள். ஆட்களைக் கொல்லும் நடக்கும் செடிகள். எழுதியவர் அசிமோவ் என்று நினைவு. "அணுப்போர், அசிமோவ்" என்று தேடி அலுத்துவிட்டேன்.

இன்னொன்று: வீட்டில் பைண்டு செய்த தமிழ் அறிவியல் தொடர்கதை ஒன்று இருக்கிறது. எந்த இதழ், எந்த வருடம் என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் தேடுவது ஜான் விண்டம் எழுதிய 'தி கிரிசலிட்ஸ்', 1955. நடக்கும் செடிகள் மட்டும் அதில் கிடையாது. அவை அவருடைய 'தி டே ஆஃப் தி ட்ரிஃபிட்ஸ்' (1951) நாவலில் வருபவை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்திருப்பீர்கள், நினைவு ஒன்றாகத் தைத்துவிட்டது. இப்படி ஒட்டிக்கொண்ட துண்டைப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. ஒரே ஆசிரியரின் புத்தகங்கள் நூல்நிலைய அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. பொருந்தாத துண்டைத் தனியாகத் தேடினால் ஆசிரியர் சிக்குவார். உங்களுக்கு அதுதான் குறுக்குவழியாக இருந்திருக்கும்.

தேடல் சறுக்கியது முதல் இரண்டு சொற்களிலேயே. அணுப்போருக்குப் பின் என்று 1950களில் எழுதப்பட்ட நாவல்களுக்குக் கணக்கே இல்லை. தவிர, இந்த நாவலின் மாந்தருக்கு அணுகுண்டு என்றால் என்னவென்றே தெரியாது. பழைய உலகை அழித்தது கடவுள் அனுப்பிய பெருந்துன்பம் என்றே நம்புகிறார்கள். போர் என்பது வாசகர் ஊகித்துக்கொள்வது. அசிமோவோ, பெயர் மறந்த இடத்தில் நாம் இட்டு நிரப்பும் பிரபலம். (இதற்கு நேர்மாறும் உண்டு. தலைப்பு மறந்துபோன ஒரு கதையை, ஒருவேளை நீங்கள் எழுதியதோ என்று சந்தேகமாக அசிமோவிடமே பலர் விசாரித்திருக்கிறார்கள். அது எப்போதும் 'தி லாஸ்ட் கொஸ்டின்' ஆகவே இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அது நாவல் அல்ல, 1956இல் வந்த சிறுகதை. நாவல் என்று நினைத்துத் தேடுவது பல சமயம் தொகுப்பில் படித்த சிறுகதையாக இருக்கும்.)

தேட வேண்டியது அந்தக் கால்விரலை. ஆறு விரல், ஈரச்சுவடு, பாறை, சிறுமி: இவற்றை ஆங்கிலத்தில் இட்டு, ஆசிரியர் பெயரை விட்டுவிடுங்கள். கதைக்கரு நூறு நாவலுக்குப் பொது, வினோதமான சின்னக் காட்சி ஒன்றிரண்டுக்கே சொந்தம்.

ஐஎஸ்எஃப்டிபி என்னும் அறிவியல் புனைவுத் தரவுத்தளம் கதையைச் சொன்னால் கண்டுபிடித்துத் தராது. ஆசிரியரோ தலைப்பில் ஒரு சொல்லோ கிடைத்த பிறகுதான் அதனால் பயன். மாற்றுத் தலைப்புகள், பதிப்பு ஆண்டுகள், அட்டைப்படங்கள் எல்லாம் அங்கே உண்டு. 1986க்குப் பிந்தைய பதிப்புகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இந்த நாவல் அமெரிக்காவில் 'ரீ-பர்த்' என்ற பெயரில் வந்தது. தெரியாமல் இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். விண்டம் முன்பு ஜான் பெய்னன் என்றும் எழுதியவர்.

வாங்குமுன் முதல் அத்தியாயத்தைச் சரிபாருங்கள். கதைசொல்லியான டேவிட், சிறுவயதில் தான் கண்ட ஒரு நகரத்தின் கனவோடு தொடங்குவான். அடுத்து, மணல்சரிவில் சறுக்கிவரும் சோஃபியின் கால் கற்களுக்கிடையே மாட்டிக்கொள்ளும், அவன் காலணியைக் கழற்றச் சொல்வான், அவள் மறுப்பாள். விரல் ரகசியம் அங்கேதான் வெளிப்படுகிறது. முடிவில் வானூர்தியிலிருந்து சிலந்திவலை போன்ற ஒட்டும் இழைகள் இறங்கும். அவை ஞாபகத்துக்கு வந்தால் சந்தேகமே வேண்டாம்.

தமிழ்த் தொடருக்கு வருகிறேன். இதழின் பெயரும் தேதியும் பக்க ஓரத்தில் அச்சாகியிருக்கும். பைண்டு செய்பவர் ஓரத்தை வெட்டும்போது அது போய்விடும். அதனால் கதையை விட்டுவிட்டு, தாளின் மறுபக்கத்தைப் படியுங்கள். சினிமா விளம்பரம்தான் நல்ல சாட்சி. 'விரைவில்' என்றிருந்தால் நம்பாதீர்கள், மாதக்கணக்கில் தள்ளிப்போயிருக்கலாம். 'வெற்றிகரமான 50வது நாள்' என்றிருந்தால் படம் வெளியான தேதியோடு ஏழு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஓவியரின் கையெழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதமும் வருடமும் தோராயமாகத் தெரிந்ததும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்தக் காலத்து வார இதழ்களைக் கேளுங்கள். வெறும் கதையை மட்டும் சொல்லிக் கேட்டால் அவர்களாலும் உதவ முடியாது.