பல் கேப் முதல் மோதிரக் கல் வரை: ‘செராமிக்’ என்றால் எதற்குக் காசு?

கேள்வி: அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் இரண்டில் ரூட் கேனால் முடிந்துவிட்டது. இனி கேப் போட வேண்டும். ஒரு கிளினிக்கில் ஜிர்கோனியா கேப் ஒன்றுக்கு 5,500 ரூபாய் கேட்கிறார்கள். அடுத்த தெருவில் 14,000. இரண்டு இடத்திலும் ‘ஒரிஜினல் ஜிர்கோனியா’ என்றே சொல்கிறார்கள். தெரிந்த லேப் டெக்னீஷியன் ஒருவரோ, “எல்லாம் ஒரே வெள்ளைப் பொடிதான் சார், பேருக்குத்தான் காசு” என்கிறார். யாரை நம்புவது? (வாசகர், மதுரை)

பதில்: டெக்னீஷியன் சொன்னதில் பாதி உண்மை. ஜிர்கோனியா என்பது ஒரு வகைப் பீங்கான், அதாவது செராமிக். எல்லாமே ஜிர்கோனியம் ஆக்சைடுதான், கூடக் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு. அரிசி மாவும் அப்படித்தான், எல்லாம் அரிசிதான். ஆனால் புட்டுக்கு அரைத்த மாவில் இடியாப்பம் பிழியப் போனவர்களுக்குத் தெரியும் வித்தியாசம்.

இந்தப் பொடி கடற்கரை மணலில் தொடங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் ஜிர்கானும் ஒன்று. அதைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்து உருக்கி, அமிலத்தில் கரைத்து, சிலிக்காவை நீக்கினால் ஜிர்கோனியம் உப்புக் கரைசல் கிடைக்கும். இட்ரியத்தை இந்தக் கரைசல் நிலையிலேயே கலந்துவிடுவார்கள். காய்ந்த பொடிகள் இரண்டை எவ்வளவு நேரம் போட்டுப் புரட்டினாலும் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். கரைசலில் கலந்தால் அணு அளவில் கலக்கும்.

இட்ரியம் எதற்கு? சுத்தமான ஜிர்கோனியாவைச் சூளையில் சுட்டு ஆறவிட்டால், ஆறும்போது அதன் படிக அமைப்பு மாறி, கன அளவு 4, 5 சதவீதம் உப்பும். பொருள் தானாகவே விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். மூலக்கூறு எண்ணிக்கையில் 3 சதவீதம் இட்ரியம் ஆக்சைடு சேர்த்தால் அந்த மாற்றம் தடுக்கப்பட்டு, ஒரு காத்திருப்பு நிலையில் நிற்கும். அப்புறம் எங்காவது விரிசல் தொடங்கினால், அதன் முனையில் இருக்கும் நுண்படிகங்கள் மட்டும் அப்போது உப்பி, விரிசலை இருபுறமும் நெருக்கி நிறுத்திவிடும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1975-இல் இதை விளக்கிய பிறகுதான், பீங்கான் என்றால் உடையும் என்ற நினைப்பு மாறி, அதைப் பல்லிலும் இடுப்பு மூட்டிலும் வைக்கலாம் என்ற தைரியம் வந்தது.

சரி, பொடிக்கு வருவோம். கரைசலிலிருந்து படியவைத்து, உப்பு போகக் கழுவி, சூட்டில் வாட்டி, அரைத்தால் கிடைக்கும் துகள் சில பத்து நானோமீட்டர் அளவுதான். தலைமுடியின் குறுக்களவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துகள்களை வரிசையாக அடுக்கலாம். இவ்வளவு நுண்ணிய பொடிக்கு எதிரி கட்டி. வாட்டும்போது சூடு மிஞ்சினால் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாகும். அரைப்பதில் அது உடையாவிட்டால், கடைசியில் சுட்ட பல்லுக்குள் ஒரு நுண்துளையாக நிற்கும். பின்னால் விரிசல் தொடங்குவது அங்கேதான். இன்னொரு தொல்லை, மிக நைசான பொடி அச்சுக்குள் சரியாக விழாது. மைதா மாதிரி அப்பிக்கொள்ளும். அதனால் தண்ணீரும் பசையும் சேர்த்துக் கரைத்து, சூடான காற்றில் தெளித்து, உருண்டைக் குருணைகளாக்குவார்கள். பால் பவுடர் தயாரிப்பதும் இதே முறையில்தான். ரவை போலச் சரளமாக விழும் அந்தக் குருணையை அழுத்தி, அரைகுறையாகச் சுட்டு, சாக்பீஸ் பதத்தில் வட்டத் தகடாக லேபுக்கு அனுப்புகிறார்கள்.

லேபில் இயந்திரம் அந்தத் தகட்டில் பல்லைக் கடைந்தெடுக்கும். வேண்டிய அளவுக்கு அல்ல, நீள அகலத்தில் 20 முதல் 25 சதவீதம் பெரிதாக. ஏனென்றால் 1,500 டிகிரி செல்சியஸ் பக்கம் சூளையில் சுடும்போது அது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதைத் தகட்டின் லேபிளிலேயே அந்தந்த லாட்டுக்குத் தனி எண்ணாக அச்சிட்டிருப்பார்கள். நல்ல பொடி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கும். மட்டமான பொடி கோணிக்கொள்ளும். கோணிய கேப்பை மருத்துவர் தேய்த்துப் பொருத்துவார், மீதி இடைவெளியைச் சிமெண்ட் அடைக்கும். சில வருடங்கள் கழித்து அந்த ஓரத்தில்தான் சொத்தை நுழையும்.

பொடி நல்லதாக இருந்தும் சூளை கெடுத்த கதை ஒன்று உண்டு. பிரான்ஸில் ஒரு நிறுவனம் இடுப்பு மூட்டுக்கான ஜிர்கோனியா உருண்டைகளைப் பல வருடம் பிரச்சினை இல்லாமல் செய்துவந்தது. பிறகு, தொகுதி தொகுதியாகச் சுடும் சூளையிலிருந்து, தொடர்ந்து ஓடும் சுரங்கச் சூளைக்கு மாறினார்கள். அதில் சுட்ட சில தொகுதிகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடைய ஆரம்பித்தன. 2001-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ‘ஒரே பொடிதான் சார்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இப்போது உங்கள் 14,000 ரூபாய். அதில் ஒரு பகுதி, அழகுக்கான விலையாக இருக்கக்கூடும். ஒளி ஊடுருவி இயற்கைப் பல் போலத் தெரியும் ரகங்களில் இட்ரியம் 4, 5 சதவீதம் என்று கூடும். கூடக் கூட ஒளி ஊடுருவுவது ஏறும், பலம் இறங்கும். 3 சதவீத ரகம் சுமார் 900 முதல் 1,200 மெகாபாஸ்கல் வரை தாங்கினால், 5 சதவீத ரகம் 500 முதல் 800 வரைதான். முன்பல்லுக்கு அது போதும், அழகாகவும் இருக்கும். முறுக்கு கடிக்கும் கடைவாய்ப்பல்லுக்கு, யார் கண்ணிலும் படாத இடத்தில், அதிக விலை கொடுத்துப் பலம் குறைந்ததை வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஆகவே இரண்டு கிளினிக்கிலும் கேளுங்கள்: தகடு எந்தக் கம்பெனி, எந்த ரகம், லாட் எண் என்ன, எந்த லேப். ரகம் 3 சதவீதமா 5 சதவீதமா என்று கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். வாரண்டி அட்டையில் அம்மாவின் பெயர், பல் எண், கேப்பின் எண் எல்லாம் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது கேப்புக்கு மட்டும்தான், மறுபடி பொருத்தும் கட்டணத்துக்கு இல்லை. அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக ஒன்று. பொருத்தும்போது கடி சரியில்லை என்று மேலே தேய்த்தால், மறுபடி பாலிஷ் போடச் சொல்லுங்கள். சொரசொரப்பான ஜிர்கோனியா எதிர்ப் பல்லை அரம் மாதிரி ராவிவிடும். வழுவழுப்பானது அவ்வளவு தேய்க்காது.

5,500 ரூபாய்க்காரர் இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தந்தால் அங்கேயே போடுங்கள். 14,000 கேட்பவர் ‘இம்போர்ட்டட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லை மறக்க வேண்டாம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. (எனக்குப் போட்ட கேப்பின் அட்டையை நான் வீடு மாறும்போது தொலைத்தேன். அறிவுரை சொல்வது சுலபம்.)

கேள்வி: ஆன்லைனில் வெள்ளை செராமிக் கத்தி செட் 399 ரூபாய்க்கு வாங்கினேன். ‘வைரத்துக்கு அடுத்த கடினம்’ என்று போட்டிருந்தது. பத்து நாள் நன்றாக வெட்டியது. பரங்கிக்காயைப் பிளக்கும்போது நடுவில் பட்டென்று முறிந்துவிட்டது. விற்பவர் மாற்றித் தர மறுக்கிறார். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கடினம் வேறு, முறியாமல் இருப்பது வேறு. ஜிர்கோனியா இரும்பைவிடக் கடினம், அதனால்தான் கூர் சீக்கிரம் மழுங்காது. ஆனால் வளையாது. பரங்கிக்காயில் கத்தி சிக்கியதும் நாம் என்ன செய்வோம்? பக்கவாட்டில் நெம்புவோம். எஃகுக் கத்தி வளைந்து கொடுக்கும், இது முறியும். மேலே பல்லுக்குச் சொன்ன ‘விரிசலை நெருக்கும்’ வித்தை இதிலும் உண்டு, ஆனால் இவ்வளவு மெல்லிய தகட்டில் நெம்புகோல் விசைக்கு அது ஈடுகொடுக்காது. தேங்காய், எலும்பு, ஃப்ரீசரில் வைத்த கறி எதற்கும் ஆகாது. தக்காளி, வெங்காயம், பழம், கீரை இவற்றுக்கு அருமையான கத்தி. வாழைப்பூவுக்கும் நல்லது, இரும்பு பட்டுக் கறுக்கும் கறுப்பு இதில் இருக்காது. காற்று பட்டுக் கறுப்பதற்கு மோர்த் தண்ணீர்தான். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள், இதைத் தீட்ட வைரச் சக்கரம் வேண்டும்.

399 ரூபாய்க்கு ஒரு செட் என்றதும் எனக்கு வேறொரு சந்தேகமும் வருகிறது. வெள்ளையோ கலரோ பூச்சு அடித்த எஃகுக் கத்தியையும் ‘செராமிக்’ என்று விற்கிறார்கள். காந்தத்தைக் காட்டிப் பாருங்கள், ஒட்டினால் அது ஜிர்கோனியா இல்லை. உங்களுடையது முறிந்திருப்பதால் நிஜ செராமிக்காகத்தான் இருக்கும், அந்த வகையில் ஆறுதல்! முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். துளையோ புள்ளியோ தெரிந்தால் அது தயாரிப்புக் குறை, படம் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் பரங்கிக்காய் வெட்டும் படமோ, ‘எதையும் வெட்டும்’ என்ற வாசகமோ இருந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், உங்கள் வழக்கே அதுதான். 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அதிகாரி புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ‘எலும்பு, கடினமான காய் வெட்ட வேண்டாம்’ என்று பெட்டியிலேயே எழுதியிருந்தால் மட்டும், விட்டுவிடுங்கள்.

கேள்வி: செராமிக் கோட்டிங் தோசைக்கல் நான்-ஸ்டிக்கைவிடப் பாதுகாப்பானதா? ஒரு வருடத்தில் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. (வாசகி, திருச்சி)

பதில்: பெயரில்தான் செராமிக். பொடியை அழுத்திச் சூளையில் சுட்டதல்ல. சிலிக்கான் சேர்மங்களின் திரவத்தைத் தெளித்து, பெயிண்ட் மாதிரி சில நூறு டிகிரியில் உலர்த்திய மெல்லிய படலம். வழக்கமான நான்-ஸ்டிக்கில் இருக்கும் புளோரின் பிளாஸ்டிக் இதில் இல்லை, அது உண்மையான நன்மை. ஆனால் வழுக்கும் தன்மை அந்தப் படலத்தில் இருக்கும் கரிமப் பகுதியால் வருவது. அடுப்பை முழுத்தீயில் வைத்து வெறும் கல்லைக் காயவிட்டால் அது எரிந்து போகும், தோசை ஒட்டும். ஒரு வருடம் வந்ததே அதிகம். இரும்புக் கல்லுக்குத் திரும்புங்கள்.

கேள்வி: கண்டியில் ஒரு கடையில் வெள்ளைக் கல் மோதிரம் ‘ஜிர்கான்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, இது ஜிர்கோனியா, அமெரிக்கன் டைமண்ட் என்கிறாள். இரண்டும் ஒன்றா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: இல்லை. ஜிர்கான் மண்ணில் விளைவது, சிலிக்கேட். உங்கள் நாட்டுச் சரக்கு. நிறமில்லாத ஜிர்கானுக்கு ‘மாத்தறை வைரம்’ என்றே பெயர் உண்டு. 1789-இல் ஜெர்மானிய வேதியியலர் கிளாப்ரோத், இலங்கையிலிருந்து போன ஜிர்கானைப் பகுத்தபோதுதான் ஜிர்கோனியம் என்ற தனிமம் இருப்பதே தெரிந்தது. அமெரிக்கன் டைமண்ட் என்பது மேலே பல்லுக்குச் சொன்ன அதே ஜிர்கோனியா, இட்ரியம் போன்றவற்றை இன்னும் அதிகமாகச் சேர்த்து உருக்கி வளர்த்த படிகம். அமெரிக்காவுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை, நகைக்கல்லாகப் பெரிய அளவில் வளர்க்கும் முறையை 1970-களில் உருவாக்கியது மாஸ்கோவில். விலையில் மலிவு, அணிவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஜிர்கான் விலைக்கு அதை விற்பதுதான் தப்பு.

கடைக்குப் போய்ப் பத்து மடங்கு லென்ஸ் கேளுங்கள். கல்லின் மேல்பக்கம் வழியாகப் பின்பக்கத்துப் பட்டை விளிம்புகளைப் பாருங்கள். ஜிர்கான் என்றால் விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். ஜிர்கோனியாவில் ஒற்றைக் கோடுதான். கல்லைக் கொஞ்சம் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் மட்டும் ஜிர்கானிலும் ஒற்றையாகத் தெரியலாம். ஒற்றைக் கோடே எல்லாப் பக்கமும் தெரிந்தால் பில்லை எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.