கல்லறைக் கல்லுக்கு முகம் கொடுத்தவர்: ஸ்டெய்ன்வைஸும் ஒரு கூத்துத் தட்டின் உறையும்

கேள்வி: இசைத்தட்டு உறை வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஸ்டெய்ன்வைஸை ஏன் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள்? தர்மபுரிப் பக்கத்துப் பாரதக் கூத்துப் பாட்டுகளை 12 இஞ்ச் எல்.பி.யாக (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டாக) 300 பிரதி போடுகிறோம். உறையை அவர் வழியில் நம் பக்கத்திலேயே செய்ய முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் ‘அவர் வழி’ என்றதும் சுருள் சுருளான கையெழுத்தும் பளிச்சென்ற நிறங்களும் மட்டும் நினைவுக்கு வந்தால் பாதிதான் கைக்கு வரும். ஸ்டெய்ன்வைஸ் விட்டுப்போனவை இரண்டு. முகப்பில் எதை வரைவது என்று யோசிக்கும் முறை ஒன்று. அந்த அட்டை உறையே இன்னொன்று. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 300 பிரதி போடுகிறவரின் காலை வாருவது பெரும்பாலும் அதுதான்.

1917-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பார்சன்ஸ் பள்ளியில் படித்து, ஆஸ்திரியச் சுவரொட்டிக் கலைஞர் ஜோசப் பைண்டரிடம் வேலை பார்த்துவிட்டு, 1939-இல் அமெரிக்க கொலம்பியா ரெக்கார்ட்ஸில் முதல் கலை இயக்குநராகச் சேர்ந்தார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அப்போதைய தட்டு ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம்தான் ஓடும். ஒரு சிம்பொனிக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றை போட்டோ ஆல்பம் போலச் சேர்த்துக் கட்டி விற்றார்கள். ‘ஆல்பம்’ என்ற சொல் இசைக்கு வந்து ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான். பழுப்பு அல்லது பச்சை அட்டை, அதில் பெயர், அவ்வளவே. தொழிலில் இருந்தவர்களே அதற்கு ‘கல்லறைக் கல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நம் பக்கத்து ஆளுக்கு இந்தப் பெயர் பொருந்தாததாகத் தோன்றும், ஏனென்றால் இங்கே நினைவுக் கல் மொட்டையாக நிற்பதில்லை. தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். ஆயுதம் ஏந்திய ஒரே வீரன், சிலவற்றில் காலடியில் மாடு, மேலே சில வரி எழுத்து. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கிவிடும். கொலம்பியாவின் மொட்டை அட்டையில் ஸ்டெய்ன்வைஸ் செய்ததும் இதே வேலைதான்: உள்ளே இருக்கும் பாட்டை ஒரே உருவத்தில் சொன்னார்.

1940-இல் வந்த முதல் உறை, ராட்ஜர்ஸ்–ஹார்ட் என்ற பாடல் இணையரின் தொகுப்புக்கு. நியூயார்க் இம்பீரியல் தியேட்டர்காரரிடம் பேசி, வாசல் விளக்குப் பலகையின் எழுத்துகளை மாற்றித் தொகுப்பின் பெயரை வைத்துப் படமெடுத்தார். அதன்மேல் தட்டின் பள்ளங்களை நினைவூட்டும் வட்டக் கோடுகள். படம் போட்ட ஆல்பம் அதற்கு முன்பும் அங்கொன்றும் இங்கொன்றும் வந்ததுண்டு. ஒரு நிறுவனம் தன் வெளியீடுகளுக்கு அதையே வழக்கமாக்கியது இவரால். பீத்தோவனின் ‘ஈரோயிகா’ சிம்பொனித் தொகுப்பு படம் போட்ட உறையில் வந்தபின் விற்பனை 895 சதவீதம் ஏறியது என்று நியூஸ்வீக் இதழ் எழுதியதாகச் சொல்வார்கள். அந்த எண்ணைவிட, செலவு கூடும் என்று தயங்கிய நிர்வாகம் அதன்பின் பணம் ஒதுக்கியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2011-இல் அவர் இறக்கும்போது கணக்கில் சுமார் 2,500 உறைகள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பழைய தமிழ்ப் படப்பாட்டுத் தட்டுகளில் ‘கொலம்பியா’ முத்திரை இருக்கும். அது பிரிட்டனின் இ.எம்.ஐ. வழியாக வந்தது. ஸ்டெய்ன்வைஸ் வேலை செய்த அமெரிக்க கொலம்பியா வேறு நிறுவனம்.

இனி யோசிக்கும் முறை. பாடியவர் முகத்தைப் பெரிதாகப் போடுவது அவர் வழக்கமல்ல. கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் ப்ளூ’வுக்குக் கரு நீலத்தில் ஒரு பியானோ, அதன்மேல் தெருவிளக்கின் ஒளி, பின்னால் கோட்டுருவமாக நியூயார்க் கட்டடங்கள். பார்ட்டோக்கின் பியானோ கான்செர்ட்டோவுக்குப் பியானோவின் சுத்தியல், கட்டை, கம்பி இவற்றையே பிரித்துப் போட்டு, ஹங்கேரிய நாட்டுப்புறச் சாயலைச் சேர்த்தார். எந்தக் கருவி, எந்த மண், எந்த மனநிலை என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் படம்.

உங்கள் தட்டுக்கு இதைப் பொருத்தினால், குழுவினர் எல்லோரும் வேஷத்தோடு வரிசையாக நிற்கும் போட்டோவை முகப்புக்குக் கொண்டுவராதீர்கள். அதன் இடம் பின்பக்கம். முகப்புக்கு ஒரே உருவம். அர்ச்சுனன் தபசு பாட்டுகள் இருந்தால் தபசு மரம்: சதுரத்தின் அடியிலிருந்து உச்சிவரை ஒரே நெடுங்கோடு, முக்கால் உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கும் சின்ன ஆள். பதினெட்டாம் நாள் பாட்டுகள் என்றால் படுகளம்: கீழ்ப்பாதி முழுக்கக் கிடக்கும் துரியோதனன் மண் உருவம், மேல்பாதி வெறும் வானம். இரண்டையும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிராமத்தில் திரௌபதை அம்மன் திருவிழா பார்த்த எவரும் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்கள். முகவீணை, கிரீடம், புஜகீர்த்தி, சலங்கை எல்லாவற்றையும் ஒரே சதுரத்தில் திணித்தால் திருவிழா நோட்டீஸ் ஆகிவிடும். எனக்கு நோட்டீஸ் பிடிக்கும், ஆனால் அதை ஓரிரு நாளில் கிழித்துப் போடுவார்கள். தட்டு உறை நாற்பது வருஷம் அலமாரியில் இருக்க வேண்டியது.

நிறத்தில் சிக்கனமாக இருங்கள். ஐரோப்பியச் சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர் ஸ்டெய்ன்வைஸ். தட்டையான சில நிறங்களை வைத்தே பெரும்பாலும் வேலையை முடித்தார். மஞ்சளை முதலில் அடித்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு மை ஏறும்போது இரண்டும் சேர்ந்த இடத்தில் மூன்றாவது நிறம் இலவசமாகக் கிடைக்கும். வலை வழியாக மையை இழுத்து அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இரண்டு நிறத்துக்கு 300 பிரதி என்றால் 600 இழுப்பு. தட்டையான பரப்புக்குச் சென்டிமீட்டருக்கு 77 முதல் 90 இழை உள்ள வலை போதும். சிறு எழுத்துக்கு 120. கையால் இழுக்கும்போது நிறங்கள் ஒரு மில்லிமீட்டர்வரை விலகும். அதனால் இரண்டு நிறம் விளிம்போடு விளிம்பு முட்டும்படி வரையாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று ஒரு மில்லிமீட்டர் ஏறட்டும், இல்லாவிட்டால் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். ஐப்பசி மழையில் மை காயத் தாமதமாகும். முதல் நிறத்தை ஓர் இரவு தாங்கியில் விட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். அடுக்கி வைத்தால் ஒன்றின் முகம் அடுத்ததன் முதுகில் ஒட்டும்.

எழுத்து. அவருடைய கையெழுத்து பிறகு ‘ஸ்டெய்ன்வைஸ் ஸ்க்ரால்’ என்ற பெயரில் எழுத்துருவாகவே வந்தது. அதைப் பார்த்துத் தமிழைச் சுருட்டாதீர்கள். நம் எழுத்தில் ஏற்கெனவே போதுமான சுழி இருக்கிறது. அவரிடம் எடுக்க வேண்டியது, தலைப்பைப் படம் வரைந்த அதே கையால் எழுதுவது. படத்துக்குத் தூரிகை என்றால் எழுத்துக்கும் தூரிகை. ஊர்ச் சுவர்களில் எழுதிப் பழகியவர் ஒருவர் கிடைத்தால் நல்லது. தலைப்பை 60 சென்டிமீட்டர் அகலத்தில் எழுதச் சொல்லி, ஸ்கேன் செய்து பாதியாகக் குறைத்தால் நடுக்கம் மறைந்து விளிம்பு கூர்மையாகும்.

தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. ஸ்கிரீனில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே எதுவும் நம்பகமில்லை. ‘க்’ என்பது ‘க’ ஆகிப் பெயரே மாறிவிடும். கறுப்புப் பரப்பில் வெள்ளையாக விடும் எழுத்து 10 பாயிண்டுக்குக் கீழே போனால் சுழிகள் மையால் அடைபடும். தட்டச்சு செய்த பகுதியை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிவிடுங்கள். அங்கே பழைய மென்பொருள் இருந்தால் யூனிகோட் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துவிடும்.

இனி அட்டை. 1948-இல் கொலம்பியா 33⅓ சுழற்சி எல்.பி.யைக் கொண்டுவந்தபோது, பழைய 78 தட்டின் தடித்த பழுப்புக் காகித உறையிலேயே முதலில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். அடுக்கியதும் காகித மடிப்பின் தடம் தட்டின் வினைல் பிளாஸ்டிக்கில் பதிந்தது. நுண்ணிய பள்ளம் அதைத் தாங்கவில்லை. ஸ்டெய்ன்வைஸ் கண்ட வழி, மெல்லிய அட்டையை மடித்து, அதன்மேல் அச்சிட்ட தாளை ஒட்டுவது. காப்புரிமை அவர் பெயரில் இருந்தாலும் வேலை ஒப்பந்தப்படி பலன் கொலம்பியாவுக்கே போனது. இன்றுவரை உலகம் முழுக்க எல்.பி. உறை என்று நாம் கையில் எடுப்பது அதன் வாரிசைத்தான்.

அளவுகள்: முகப்பு 315 மி.மீ. சதுரம், முதுகு 3 மி.மீ., பின்பக்கம் 315. ஆக அகலம் 633. உயரம் 315-உடன் மேலும் கீழும் 15 மி.மீ. ஒட்டுமடிப்பு சேர்த்து 345. சுற்றிலும் வெட்டுக்கு 3 மி.மீ. விட்டால் 639 × 351. டெமி அளவு இயந்திரத்தில் இது ஏறாது, அதனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகத்தில் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். 20 × 30 இஞ்ச் தாளில் ஒன்று உட்காரும். மீதமாகும் பட்டையில் பாடல் பட்டியல் துண்டை அடித்துக்கொள்ளலாம். ஓசூர்ப் பக்கம் அட்டைப்பெட்டி செய்பவர்களிடம் பஞ்சிங் டை (அட்டையை வடிவத்துக்கு வெட்டும் அச்சு) போட்டு வெட்டும் வசதி உண்டு. ஒருமுறை டை செய்தால் அடுத்த தட்டுக்கும் உதவும். 300 பிரதிக்கு 400 தாள் வாங்குங்கள். ஸ்கிரீனுக்குப் பதிலாக ஆப்செட் இயந்திரத்தில் அடித்தால், நிறம் கூடிவரும் முன் ஐம்பது, அறுபது தாள் போய்விடும்.

அட்டை 300 முதல் 350 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). வாங்கும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். முதுகு மடிப்பு 20 இஞ்ச் பக்கத்துக்கு இணையாக வருகிறது. ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் அட்டையில் நார் 30 இஞ்ச் பக்கமாக ஓடும். நாருக்குக் குறுக்கே மடித்தால் முதுகில் மை வெடித்து வெள்ளை தெரியும், அதுவும் கறுப்பு முதுகென்றால் முதல் நாளே. ஒரு துண்டை இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் திசைக்கு இணையாகத்தான் மடிப்பு விழ வேண்டும். சரியான அட்டை கிடைக்கவில்லையா, முதுகில் வெளிர் நிறம் வையுங்கள். 3 மி.மீ. முதுகில் எழுத்து 2 மி.மீ. உயரம்தான் வரும். ‘கீ’, ‘கு’ போல மேலும் கீழும் இழுக்கும் எழுத்து அங்கே திணறும். தலைப்பைச் சுருக்குங்கள் அல்லது முதுகை 5 மி.மீ. ஆக்குங்கள்.

1950-களின் கனமான உறைதான் வேண்டும் என்றால் 0.6 முதல் 0.8 மி.மீ. கிரே போர்டில் (சாம்பல் நிறக் கெட்டி அட்டையில்) 100 முதல் 120 ஜி.எஸ்.எம். தாளை ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது அட்டை தாள் பக்கமாக வளையும். பின்பக்கமும் தாள் ஒட்டி, ஒரு நாள் முழுக்கப் பாரத்தின் அடியில் வைக்க வேண்டும். மைதாப் பசை கூடவே கூடாது. கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதைத் தேடி வந்து மை உட்பட அரித்துவிடும். வெள்ளைப் பி.வி.ஏ. பசையை மெல்லியதாக, ஒட்டுமடிப்பின் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள். விளிம்புவரை போட்டால் பிதுங்கி, தட்டை நேரே போட்டு வைக்கும் உள்ளுறையைப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளுறை ஸ்டெய்ன்வைஸ் செய்ததல்ல. அதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். பாலித்தீன் பூச்சுள்ள தாள் நல்லது. மென்மையான பி.வி.சி. பை நாள்பட்டால் வினைலில் மங்கலான படலம் ஏற்றும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ தகரக் கூரைக்கடியிலோ பெட்டியை வைத்தால் தட்டு நெளிந்துவிடும், உறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிறகு பயனில்லை. படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் வெற்று அட்டையில் ஒரு மாதிரி செய்து, உள்ளுறையோடு ஒரு பழைய தட்டை பத்து முறை போட்டு எடுத்துப் பாருங்கள். வாய்ப்பகுதி இறுக்கமாக இருந்தால் முதுகில் அரை மில்லிமீட்டர் கூட்டினால் போதும். டை செய்த பிறகு கூட்ட முடியாது. பின்பக்கத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் வாசித்த ஒவ்வொருவர் பெயரும் ஊரும் வரட்டும். ஸ்டெய்ன்வைஸ் தன் உறைகளில் கையொப்பம் இடுபவர். உங்கள் உறையிலும் தலைப்பு எழுதியவர் பெயர் முகப்பின் கீழ் மூலையில், வெட்டு விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும், அதைவிட ஓரமாக வைத்தால் கத்தி கொண்டுபோய்விடும்.