17ஆம் வாரத்தில் ஏ.எஃப்.பி. 2.8 மடங்கு: உடனே பனிக்குட நீர் சோதனை தேவையா?

17ஆம் வார ரத்தப் பரிசோதனையில் உங்கள் மனைவிக்கு ஏ.எஃப்.பி. (கருவிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம்) அந்த வாரத்துக்குரிய நடுத்தர அளவைப்போல் 2.8 மடங்கு வந்ததால், பனிக்குட நீர் சோதனை தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே தேவையில்லை. 2.5 மடங்கைத் தாண்டிய ஏ.எஃப்.பி. அளவு, குழந்தையின் மூளையையும் முதுகுத் தண்டையும் கூர்ந்து பார்க்கச் சொல்லும் எச்சரிக்கையே தவிர, குறை இருக்கிறது என்ற முடிவு அன்று.

வாரக் கணக்குத் தவறியிருக்கலாம். கரு வளர வளர இந்த அளவு ஏறும் என்பதால், நினைத்ததைவிடக் கரு மூத்ததாக இருந்தால் அது கூடுதலாகத் தெரியும். உங்கள் மனைவிக்கு மாதவிடாய் சீராக வராது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, ரத்தப் பரிசோதனைப் படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்து வாரம் குறித்தார்களா, முதல் ஸ்கேனில் அளந்த குழந்தையின் நீளத்தை வைத்துக் குறித்தார்களா என்று பாருங்கள். முன்னது என்றால், ஆய்வகத்தில் திருத்திக் கணக்கிடச் சொல்லுங்கள்.

எப்படியாயினும் 18 முதல் 20 வாரத்துக்குள் அனாமலி ஸ்கேன் (குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் ஸ்கேன்) எடுத்தாக வேண்டும். கோபிசெட்டிபாளையத்திலும் எடுக்கலாம்தான், இருப்பினும் ஈரோட்டிலோ கோவையிலோ கருநல மருத்துவ நிபுணரிடம் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் முதுகின் சிறு பிளவு பார்வைக்குத் தப்பினாலும், அதன் அடையாளங்களாக மண்டையின் முன்பக்கம் இருபுறமும் ஒடுங்கியிருப்பதையும் சிறுமூளை கீழிறங்கி வளைந்திருப்பதையும் பழகிய கண் பிடித்துவிடும்.

தோல் மூடிய பிளவுகள் ஏ.எஃப்.பி.யில் தெரிவதில்லை; ஸ்கேனிலும் தப்பலாம். வீட்டுப் பெரியவர்கள் நோம்பி (திருவிழா) முடியட்டும் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள்: 2021 சட்டத் திருத்தத்தின்படி, 24 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்புக்கு மருத்துவக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.