மகளின் நீச்சலுக்கு எந்த விடுதிப் பள்ளி?

வணக்கம் சகோதரி. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து எழுதியிருந்தீர்கள்: மகள் ஆறாம் ஆண்டு முடிக்கிறாள், விளையாட்டுப் பள்ளியா, நீச்சல் குளம் உள்ள தனியார் விடுதிப் பள்ளியா என்று.

விளம்பரத்தில் வரும் குளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நீளத்தைக் கேளுங்கள். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்தினால் மூன்று முறை சுவரை உதைத்துத் திரும்பலாம்; 50 மீட்டரில் ஒரே முறை. ஒவ்வொரு உதையும் வேகம் தரும், அதனால் சின்னக் குளத்து நேரம் குறைந்து அழகாகத் தெரியும். பெரிய குளத்தில் போட்டி போடும்போது பிள்ளை மனம் உடைந்துபோகும்.

அப்புறம் சாப்பாடு. என் மகன் இருந்த தனியார் விடுதியில் பயிற்சி முடிந்து ஈரத் தலையோடு ஏழரைக்கு வருவான். சாப்பாட்டுக் கூடம் ஏழுக்கே பூட்டியிருக்கும். பெட்டியில் நாங்கள் வைத்த பிஸ்கட்டும் மைலோவும்தான். ஆறு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தான். யாரும் கவனிக்கவில்லை, நான்தான் சட்டைக் காலரைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். நீங்கள் பள்ளியைப் பார்க்கப் போனால் காலையில் போகாதீர்கள், மாலைப் பயிற்சி முடியும் நேரத்தில் போய் நில்லுங்கள்.

கோலாலம்பூரில் இருக்கும் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி அரசாங்கப் பள்ளி. 1998 காமன்வெல்த் போட்டி நடந்த தேசிய நீச்சல் மையமும் புக்கிட் ஜாலிலிலேயே இருக்கிறது. ஆள் எடுக்கும் தேர்வில் மகள் எடுபட்டால் என் ஓட்டு அந்தப் பள்ளிக்கே. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்க வழி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இடம் கிடைக்கவில்லையா? ஈப்போவில் நல்ல பயிற்சியாளரும் தங்க ஒரு சித்தி வீடும் இருந்தால், சரி, விடுதியே வேண்டாம்.